அப்பாவிடம் நான் சொன்ன ‘போங்கோ’

சில வருடங்களுக்கு முன், நான் ஏ.எல். உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது மன்னார் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. எங்கள் வீடு பள்ளிமுனையில். மீன்பிடிக்கப் போன அப்பா ஒருநாள் திரும்பவில்லை. மறுநாள் உடல்தான் வந்தது.

எங்கள் பக்கத்தில் கடலுக்குப் போகிறவரிடம் ‘போங்கோ’ என்று சொல்லவே கூடாது; சொன்னால் திரும்பி வரமாட்டார் என்பார்கள். ‘போட்டு வாங்கோ’, அதாவது போய்விட்டு வாருங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். அன்று காலை ஃபோன் விஷயத்தில் அப்பாவோடு எனக்குச் சண்டை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். “போங்கோ, போங்கோ!” என்று கத்திவிட்டேன். அந்தச் சொல்தான் அப்பாவைக் கொன்றது என்று நம்பினேன். நித்திரை போனது, சாப்பாடு போனது, பள்ளிக்கூடமும் நின்றது.

அம்மா கோயிலில் நேர்த்தி வைத்தார்; ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனார். அங்கிருந்த உளவள ஆலோசகர், “அதையும் செய்யுங்கோ, இஞ்சையும் வாங்கோ” என்றார். மூச்சை மெதுவாக விடப் பழக்கினார். பிறகு, நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொல்லச் சொன்னார். அடுத்த கிழமையும் அதே கதை. “உங்களுக்கு வேற வேலை இல்லையோ மிஸ்?” என்று சீறினேன்.

“உங்களைப்போல கன பிள்ளையளுக்குச் செய்துபாத்துப் பலன் கண்ட முறை இது. கொஞ்சம் பொறுங்கோ” என்றார். அவருக்குக் கோபமே வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஆனால் சொல்லச் சொல்ல, அதை நினைத்தாலே வருகிற நடுக்கம் குறைந்தது உண்மை. கடைசியில் அந்த ‘போங்கோ’வையும் சொல்லிவிட்டேன். இதை அம்மாவிடமும் சொல்லுவோமா என்று கேட்டார். அம்மா என்னை வெறுத்துவிடுவாரே என்று உயிரே போனது. ஆனாலும் தலையாட்டினேன்.

அம்மாவை அழைத்து எனக்கு முன்னால் கதிரையில் இருத்தினார். சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“ஐயோ பிள்ளை! காத்தெண்டு கடலுக்குப் போகாம நிக்கப் பாத்த மனுசனை அனுப்பினது நானெல்லோ! என்னாலதான் அவர் போனவர்.”

ஆலோசகர் என்னைப் பார்த்து, “அம்மா சொல்லுறது சரியோ?” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “விசர்க்கதை கதையாதேங்கோ மிஸ்! காத்துதான் வள்ளத்தைப் பிரட்டினது. அதுக்கு அம்மா என்ன செய்வா?”

அப்போதுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதேன். அப்பா போனபிறகு நாங்கள் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

அம்மாவுக்கு ஒரு நொடியில் கொடுத்த நியாயத்தை எனக்கு நானே கொடுக்க எத்தனை மாதம் பிடித்தது! இன்றைக்கும் என்மேல் எனக்கு ஆத்திரம் வந்தால், இதையே அம்மா செய்திருந்தால் இப்படி ஏசியிருப்பேனா என்றுதான் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.