எட்னா பிட்மன் பார்த்த ஐந்து மணி வெயில்

வின்ட்லோ தோட்டத்தைப் பற்றி பிட்மன் வீட்டில் இரண்டு கட்சி. பெர்சி ஒரு கட்சி, அவன் பெண்டாட்டி எட்னா ஒரு கட்சி. பெர்சியின் தங்கை ஐவியை யாரும் கேட்பதில்லை. அண்ணன் வாயைத் திறந்தாலே அவள் தலை ஆட ஆரம்பித்துவிடும்.

பெர்சியின் கட்சியில் நியாயம் இல்லாமல் இல்லை. அவன் தாத்தாவுக்குத் தாத்தா ஜோப் பிட்மன், ஜோப்பின் தம்பி, ஜோப்பின் மச்சினன், மூன்று பேரும் அந்தத் தோட்டத்து ஏரியை வெட்டியவர்கள். ஏழு வருஷம் தள்ளுவண்டியில் களிமண் தள்ளினார்கள். கரை சரிந்து மச்சினன் உள்ளே போனான். பிணத்தைத் தேட வேலையை நிறுத்தவில்லை. ஏரி முடிந்ததும், தோட்டத்துக்குச் சொந்தக்காரப் பிரபுவின் மாளிகைச் சன்னலுக்கு அவர்கள் வீட்டுக் கூரைகள் உறுத்தின. பதினோரு வீட்டை இடித்துப் புல் போட்டார்கள்.

எட்னாவின் அம்மா லெட்டி அதே மாளிகையில் பதினாலு வருஷம் துணி வெளுத்தவள். வேலைக்காரப் பெண்கள் ஏரிப் பக்கம் யார் கண்ணிலும் படக்கூடாது என்பது சட்டம். துணி உலர்த்தும் முற்றத்துக் கதவில் ஒரு விரிசல் இருந்தது. அக்கரையில் அழகுக்கென்று ஒரு கோயில் கட்டி வைத்திருந்தார்கள், உள்ளே சாமி கிடையாது. அக்டோபரில் ஐந்து மணி வெயில் அதன் தூண்களில் விழுவதை லெட்டி அந்த விரிசலில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்ப்பாள். சாகும்போது மகளிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "நீயாவது ரெண்டு கண்ணாலயும் பாத்துருடி."

தோட்டத்தைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டு எத்தனையோ வருஷமாயிற்று. எட்னாவின் வீட்டிலிருந்து அது ஒரு மைல். முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் அவள் அந்த வெயிலைப் பார்க்கவில்லை. என் பெண்டாட்டி அந்த வாசலில் போய் நிற்கக்கூடாது என்று பெர்சி சொல்லிவிட்டான். வருஷத்துக்கு ஒரு நாள், ஜூனில், சபைக்காரர்கள் எல்லாரும் கூட்டமாகப் போவார்கள். அதை மட்டும் அவனால் தடுக்க முடியவில்லை. கூடவே வருவான். வந்து பிரசங்கம் வைப்பான்.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க. முந்நூறு ஏக்கர். ஒரு உருளைக்கிழங்கு உண்டா? ஒரு வெங்காயம் உண்டா? இதுல பாதிய என்கிட்டக் குடுத்தா இந்த ஊருக்கே சோறு போடுவேன்."

"ஆனாலும் மனசுக்கு அமைதியா இருக்கே, பெர்சி" என்பாள் போதகரின் மனைவி.

"அமைதியாத்தாம்மா இருக்கும். அடியில கெடக்கறவன் பேசவா போறான்?"

மூன்று மணி அடித்ததும் கிளம்பச் சொல்வான். ஒரு வருஷம் எட்னா கேட்டாள். "இன்னும் கொஞ்சம் இருந்துட்டு வரட்டுமா?"

"எதுக்கு? தண்ணில உன் மூஞ்சியப் பாக்கவா? வீட்ல வாளி கெடக்கு, அதுல பாரு."

சபையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் ஐவி.

எட்னாவுக்கு அறுபது முடிந்த அன்று, என்ன தோன்றியதோ, பெர்சி கேட்டான். "என்னடி வேணும், சொல்லு."

"வின்ட்லோ. அஞ்சு மணி வரைக்கும்."

வாயை விட்டுவிட்டான், மாற்ற முடியவில்லை. அது அக்டோபர் மாதம். கோட்டும் டையுமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். மேகம் இல்லை. எட்னா பிளாஸ்கையும் வெண்ணெய் தடவிய ரொட்டியையும் எடுத்து வைத்தாள். நாலு மணிக்குக் கால் மணி இருக்கும்போது எழுந்துவிட்டான்.

"போதும், கெளம்பு. பாத்தாச்சுல்ல."

"அஞ்சு மணின்னு சொன்னியே."

"சொன்னேன். இப்ப வேற சொல்றேன். ஒண்ணுக்குப் போயிட்டு வர்றேன். வரும்போது நீ கோட்டு மாட்டிட்டு நிக்கணும்."

மரங்களைப் பார்த்து நடந்தான். அந்தப் பக்கம் ஒரு ஒளிவுப் பள்ளம் உண்டு. ஆடுகள் மாளிகைப் புல்லுக்கு வராமல் தடுக்க வெட்டியது. வேலி போட்டால் பார்வைக்கு அசிங்கம் என்று ஆளுயரத்துக்கு மேல் பள்ளம் வெட்டி, உள்ளே கல்சுவர் வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் பள்ளமே தெரியாது, புல் ஒரே விரிப்பாகப் போகும். பெர்சிக்கு அது தெரியாததல்ல. அதை வெட்டியதும் பிட்மன்கள்தான். ஆனால் பின்னால் திரும்பி, பெண்டாட்டி கோட்டை எடுத்தாளா என்று பார்த்துக்கொண்டே நடந்தான்.

எட்னா கோட்டை மாட்டியிருந்தாள். பழக்கம்.

முதல் சத்தம் ஆடு என்று நினைத்தாள். இரண்டாவது சத்தத்தில் அவள் பேர் இருந்தது. எழுந்தாள். அப்போது ஏரியின் இடது கரையில் வெயில் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றினாள். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டாள்.

"எட்னா! ஏ எட்னா! காலு போச்சுடி!"

நாயோடு வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நின்றார்கள். வெளியூர்க்காரர்கள்.

"மன்னிக்கணும். யாரோ கூப்பிடற மாதிரி இருக்கே?" என்றார் அவர்.

"ஆடுங்க" என்றாள் எட்னா. "இந்த மாசம் அதுகளுக்கு இருமல் வரும்."

மறுபடியும் அவள் பேர் கேட்டது. ஆடு ஒருத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிடாது என்று அந்த மனிதருக்குத் தெரியும். ஆனால் முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம் நீங்கள் சொல்வது பொய் என்று சொல்லும்படி அவரை வளர்க்கவில்லை.

"ஓ, ஆடுதான். தொந்தரவு பண்ணிட்டோம், மன்னிக்கணும்." நாயை இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஐந்து மணிக்கு வெயில் வந்தது. தூண் ஒவ்வொன்றாகத் தேன் நிறமாயிற்று. பிறகு தண்ணீருக்குள்ளும் ஒரு கோயில் தலைகீழாகப் பற்றி எரிந்தது. ஐந்து நிமிஷம்கூட இல்லை. எட்னா இரண்டு கண்ணாலும் பார்த்தாள். முடிந்ததும் கோப்பையைத் துடைத்து, பிளாஸ்கை மூடி, பையில் வைத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள்.

"இங்கயா இருக்க?"

அவன் முகம் சாம்பலாக இருந்தது. "காது அவிஞ்சு போச்சா உனக்கு?"

"காத்து அந்தப் பக்கமா அடிச்சுது."

பெர்சி நாற்பது வருஷம் செங்கல் சூளையில் காற்றைப் பார்த்தே நெருப்பு வைத்தவன். அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை.

இடுப்பெலும்பு இரண்டாக முறிந்திருந்தது. அவன் பிறகு நடக்கவே இல்லை. பெண்டாட்டி என்னைப் பள்ளத்தில் போட்டுவிட்டு டீ குடித்தாள் என்று எந்த ஆம்பளை வெளியே சொல்வான்? பார்க்க வந்த ஊருக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னான். "அவளுக்குக் காது மந்தமாயிடுச்சு, பாவம்."

எட்னா அதைப் பிடித்துக்கொண்டாள்.

குளிர்காலத்துக்கு மூடிய தோட்டம் ஏப்ரலில் திறந்ததும், வியாழன் தவறாமல் சக்கர நாற்காலியில் அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். ஏரியைப் பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பாள்.

"வீட்டுக்குப் போலாம், எட்னா."

அவளுக்குக் கேட்காது.

"எனக்குக் குளிருதுடி."

கேட்காது. கம்பளியை மட்டும் கழுத்துவரை இழுத்துவிடுவாள், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்காக. வந்து போகிறவர்கள் நின்று சொல்லிவிட்டுப் போவார்கள், இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று. பெர்சி பல்லை நறநறவென்று கடிப்பான். அந்தச் சத்தம் மட்டும் அவளுக்கு நன்றாகக் கேட்கும்.

அடுத்த பிப்ரவரியில் பெர்சி செத்துப்போனான். எட்னா கோடை முழுக்கத் தோட்டத்துப் பக்கம் போகவில்லை, அக்டோபருக்காக வைத்திருந்தாள். தனியாகப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். போகலாம் என்று சொல்ல ஆளில்லை. வெயில் வந்தது, தூண்கள் எரிந்தன. அழகாகத்தான் இருந்தது. அவள் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள்.

மறு வியாழன் காலியான நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஐவி வீட்டு வாசலில் போய் நின்றாள். ஐவிக்கு இரண்டு முழங்காலும் போயிருந்தன. மகன் கனடாவில். மூன்று வாரமாகப் பால்காரனைத் தவிர யாரும் அந்தக் கதவைத் தட்டவில்லை.

"வா ஐவி, வின்ட்லோ போலாம்."

ஐவி நாற்காலியைப் பார்த்தாள், எட்னாவைப் பார்த்தாள். "எனக்கு அந்த எடம் புடிக்காதுன்னு தெரியும்ல உனக்கு?"

"தெரியும்."

"பெர்சி சாகறதுக்கு முன்னால சொன்னான். அன்னைக்குக் காத்தே அடிக்கலன்னு."

"சொல்லியிருப்பான்."

ஐவி கதவைப் பிடித்தபடி வெளியே எட்டிப் பார்த்தாள். தெருவில் ஒரு ஆள் இல்லை. உள்ளே கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது. மெதுவாகத் திரும்பி, ஆணியிலிருந்து தொப்பியை எடுத்தாள்.

"கம்பளி ஒண்ணு எடுத்துக்கறேன்" என்றாள்.

"எடுத்துக்க" என்றாள் எட்னா. "நேரமாகும்."