மாதப்பன் வீட்டு வாசல்படி

பென்னாகரம் சாலையோரத்து ஊர்களுக்குச் சவரிதான் தபால்காரர். அவர் சைக்கிள் மணிக்கு நாய்கள்கூடக் குரைப்பதில்லை. மணியார்டர் வாங்குகிறவர்கள் உட்காரவைத்து மோர் கொடுப்பார்கள், குடிப்பார். மாதப்பன் வீட்டில் மட்டும் வாசலோடு திரும்பிவிடுவார்.

அந்த வாசலில் படியாக ஒரு செங்கல் பதிந்திருந்தது. இந்தப் பக்கத்துச் சூளைக் கல் அல்ல; மேலே இந்தி எழுத்து அச்சாகியிருந்தது. முந்தின தீபாவளிக்கு அதைச் சுமந்து வந்தவர் சவரிதான். தீபாவளிச் சலுகை, பாதி விலை என்ற பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, மகள் கல்யாணச் சீருக்காக மாதப்பன் டெல்லிக்கு எழுதி ரேடியோ வரவழைத்தார். வி.பி.பி. பார்சல். தபால்காரர் கையில் பணத்தைக் கொடுத்த பிறகுதான் பிரிக்க முடியும்.

"நம்பி வாங்கலாமுங்களா?" என்று மாதப்பன் கேட்டார்.

"சர்க்கார் முத்திரை குத்தி வந்திருக்குது. அப்புறம் என்னங்க யோசன?"

பிரித்தால் உள்ளே செங்கல். மாதப்பன் திட்டவில்லை, அழவில்லை. மறுநாள் அதை வாசலில் பதித்துவிட்டார். சம்பந்தி வீட்டில் மகளை இன்னமும் சொல்லிக் காட்டுகிறார்களாம்.

அதன்பின் சவரிக்கு எந்தப் பார்சலைத் தூக்கினாலும் கை தானாக எடை பார்த்தது. மாதா கோயிலில் முழந்தாளிட்டால், முழங்காலுக்குக் கீழே அந்தக் கல் உறுத்துவதுபோல் இருந்தது.

அந்த டிசம்பரில் தையற்காரி இசபெல்லாவின் பெயருக்குப் பம்பாயிலிருந்து ஒரு பார்சல் வந்தது. கிறிஸ்துமஸ் சலுகை ரேடியோ. அவளுடைய அப்பா அருள்சாமி இடுப்பொடிந்து கட்டிலில் கிடந்தார். கோயிலுக்கு வர முடியாது. பெருநாளன்று மணிலாவிலிருந்து வரும் தமிழ்ப் பூசை ஒலிபரப்பையாவது அவர் காதில் போடவேண்டும் என்று, கண் எரிய இரவிக்கை தைத்துச் சேர்த்திருந்தாள்.

"மாமா! இன்னும் ஸ்டாரே கட்டல, அதுக்குள்ள ரேடியோ வந்திருச்சு!" கழுத்தில் டேப்போடு ஓடிவந்தாள்.

சவரி பார்சலை இறக்கவில்லை. "பணத்த எடுக்காத. முதல்ல எங்கூட ஒரு எடத்துக்கு வா."

"எதுக்கு, பார்சலுக்கு ஊர்கோலமா?" என்று சிரித்தபடியே வந்தாள். மாதப்பன் வாசலில் சிரிப்பு நின்றது. கல்லின் கதை அவளுக்கும் தெரியும்.

சவரி கையில் பார்சலைப் பார்த்ததும் மாதப்பனுக்குப் புரிந்துவிட்டது. கடப்பாரையால் கல்லைப் பெயர்த்து, மண்ணைத் தட்டி, அவள் கையில் வைத்தார். மறு கையில் சவரி பார்சலை வைத்தார். இசபெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கையையும் மாறிமாறி ஏற்றி இறக்கி எடை பார்த்தாள்.

"ஒண்ணாட்டந்தான் இருக்குது. இல்லாத மாதிரியும் இருக்குது. நீங்களே சொல்லுங்க மாமா, வாங்கட்டுமா?"

அதே கேள்வி. சவரி பார்சலின் முத்திரையைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதும்மா. முத்திர பொட்டிக்கு மேலதான் இருக்குது. உள்ள என்ன இருக்குதுன்னு அதுக்கும் தெரியாது."

அவள் பார்சலைத் திருப்பிக் கொடுத்தாள். "வேண்டாம், அனுப்பிருங்க."

"அன்னைக்கே எங்கிட்டயும் இப்பிடிச் சொல்லியிருக்கலாமுங்க," என்றார் மாதப்பன். குரலில் கோபமே இல்லை. கல்லை வாங்கி, பழைய குழியிலேயே பதித்தார்.

'வாங்க மறுப்பு' என்று எழுதி, சவரி பார்சலைத் திருப்பி அனுப்பினார்.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து இசபெல்லா வீட்டு வழியாக வந்தார். பக்கத்துத் தெருவில் யாருடைய ரேடியோவோ தமிழில் பாடியது. இங்கே வந்து சேர்வதற்குள் சொல் உதிர்ந்து இரைச்சல் மட்டும் மிஞ்சியது. ஜன்னலோரம் கட்டிலில் அருள்சாமி தலையைத் தூக்கிக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"யாரு, சவரியா? எங்களுக்கு ஒண்ணும் வரலியாப்பா?"

"இல்லீங்க."

சைக்கிளை மிதித்தார். பம்பாய்க்குத் திரும்பிய அந்தப் பெட்டிக்குள் ரேடியோவே இருந்திருந்தால்? இனி அதை யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. மாதப்பனுக்காவது மிதிக்க ஒரு கல் கிடைத்தது. சவரியின் கேரியரில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் மேடு ஏறும்போது வண்டி பின்னுக்கு இழுத்தது.