மகளைத் தங்க வைக்க ஒரு ஷவர்

"வீட்டில் எத்தனை பேர்?" என்று பிளம்பர் கேட்டார்.

"இரண்டு" என்றார் கணவர். "மூன்று" என்றேன் நான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில்!

பிளம்பர் டெனிஷ்காரர். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, எங்கள் பழைய காஸ் பொயிலருக்கு முன்னால் சாக்ஸோடு நின்றிருந்தார். எங்களை மாறி மாறிப் பார்த்தார். மூன்றாவது ஆள் யார் என்றார். மகள் என்றேன். இங்கேதான் இருக்கிறாளா? இல்லை... ஓர்ஹூஸ் நகரில், தனி ஃபிளாட்டில். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சரி, மூன்று பேருக்கே பார்ப்போம் என்றார். அந்த மனிதர் நல்லாயிருக்க வேண்டும்.

இது ஆவணியில் நடந்தது. பழைய பொயிலர் வேலை செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தது. டென்மார்க்கில் எங்கள் ஊரான வைலேயின் குளிருக்கு வீடு சூடாகத்தான் இருந்தது. பிரச்சினை ஷவர். குழாயைக் கொஞ்சம் திறந்தால் சுடுநீர் நூலாக வரும். முழுக்கத் திறந்தால் வேகமாக வரும் — பச்சைத் தண்ணீராக. ஓடுகிற தண்ணீரை ஓட ஓடச் சுடவைக்கிற பொயிலர். பாவம், அதுவும் எவ்வளவுதான் செய்யும்?

எங்கள் இருவருக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. இங்குள்ள தமிழ்க் குளியலறைகளுக்குள் எட்டிப் பாருங்கள். எவ்வளவு நவீன ஷவராக இருந்தாலும் கீழே ஒரு வாளியும் கோப்பையும் இருக்கும். டெனிஷ் விருந்தாளிகள் அது நிலம் கழுவுவதற்கு என்று நினைப்பார்கள். நாங்களும் திருத்தப் போவதில்லை.

ஆனால் மகள் அபிக்கு வாளி சரிவராது. தலைமுடி இடுப்பைத் தாண்டும். போன வருடம் தீபாவளிக்கு முதல்நாள் வந்திருந்தாள். விடியத் தலைக்கு வைத்து முழுக வார்க்கலாம் என்று நல்லெண்ணெய் எடுத்து வைத்தேன். திரும்பிப் பார்த்தால் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"உங்கட ஷவரில எண்ணெய் போகாதம்மா. நான் வீட்ட போய் முழுகிறன்."

வீட்டுக்குப் போகிறாளாம். அப்படியானால் இது என்ன? கேட்கவில்லை. எண்ணெய்ப் போத்தலை மூடி வைத்தேன். அவள் கடைசி ரயிலில் போய்விட்டாள்.

பிறந்தநாளுக்கு வந்தாலும் அதே கதை. கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வந்தாலும் அதே கதை. சாப்பிடுவாள், சிரிப்பாள், ரயிலுக்கு நேரமாகிவிடும். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, கொட்டாவி விட்டபடி சமையலறைக்குள் வர வேண்டும். அவ்வளவுதான். ஏக்கம் என்பது பெரிய பெரிய விஷயங்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன்... மகளின் கொட்டாவிக்கும் வருகிறது.

ஆகவே பொயிலர் வேட்டை தொடங்கியது. கணவருக்குக் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை. அதனால் சுழல்கிற, கொதிக்கிற எல்லாவற்றிலும் தான் நிபுணர் என்ற நினைப்பு. போதாததற்குக் கோயில் மண்டபத்தில் ஆளுக்கொரு யோசனை. ஒருவர் காஸ் பொயிலரையே புதிதாகப் போடு என்றார். இன்னொருவர், ஊருக்கே ஒரே குழாயில் சுடுநீர் வருகிற திட்டம் உங்கள் தெருவுக்கும் வரும், பொறு என்றார். பொறுப்பதா? பொறுத்துப் பொறுத்துத்தானே மகள் ரயிலேறிக்கொண்டிருக்கிறாள்!

பிளம்பர் பொறுமையாக விளக்கினார். வெளியே, காற்றிலிருந்து சூட்டை இழுக்கிற ஒரு ஹீட் பம்ப், உள்ளே ஒரு பெரிய சுடுநீர்த் தாங்கி. அதற்குள் தண்ணீர் முன்கூட்டியே சூடாகித் தயாராக நிற்கும். திறந்த வேகத்துக்குக் கொட்டும். சின்னத் தாங்கி போதாதா என்று கணவர் இழுத்தார். நீளமான முடி, எண்ணெய், இரண்டு தரம் ஷாம்பு என்று நான் பிளம்பருக்கு டெனிஷில் விளக்கினேன். அவர் சிரிக்காமல் கேட்டார். பெரியதே வந்தது. பொருத்திய அன்றே கணவர் குளியலறைக்குள் போய் ஷவரைத் திறந்து பார்த்துவிட்டு, சட்டையெல்லாம் நனைந்து வெளியே வந்தார். முகத்தில் அப்படியொரு வெற்றி.

இந்தத் தீபாவளிக்கு முதல்நாள் அபி வந்தாள். ஷவர் மாற்றியதைக் காட்டினோம். சிரித்தாள். அன்றிரவு ரயிலுக்குப் போகவில்லை! ஹோலில் சோபாவை இழுத்துப் படுக்கை போட்டுக் கொடுத்தேன். விடியப்புறம் எண்ணெய் வைத்து, தலையை நன்றாகத் தேய்த்துவிட்டேன். குளியலறைக் கதவு மூடியது. தண்ணீர் விழுகிற சத்தம்... ஐப்பசி மழை மாதிரி. நானும் கணவரும் சமையலறையில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். முன்பெல்லாம் தண்ணீரை நிறுத்து என்று கதவைத் தட்டுகிற மனிதர், அன்றைக்கு அது நின்றுவிடுமோ என்று பயந்துபோய் இருந்தார்.

தோசை சாப்பிட்டாள். கொட்டாவியும் விட்டாள். பிறகு, மத்தியான ரயிலுக்குப் போகப் போவதாகச் சொன்னாள். ஞாயிறுவரை நிற்பாள் என்று நான் இரண்டு நாளுக்குச் சமையல் திட்டம் போட்டிருந்தேன்.

"ஷவர் பிடிக்கேல்லையோ?" என்றேன்.

"ஷவர் திறமம்மா."

"பிறகென்ன?"

டெனிஷில் ஏதோ தொடங்கினாள். நிறுத்திவிட்டுத் தமிழில் சொன்னாள்.

"ஷவர் சும்மா ஒரு சாட்டு. என்ர அறையில சாமி இருக்கிறார். நான் எங்க நிக்கிறது?"

அவள் ஓர்ஹூஸுக்குப் படிக்கப் போனபோது அவளுடைய அறையைச் சாமி அறையாக்கினோம். கட்டிலைப் பழைய சாமான் கடைக்குக் கொடுத்தோம். கணவர் படங்களுக்குச் சுவரில் தட்டு அடித்தார், நான் பட்டுத் திரை தைத்தேன். வருகிற எல்லோரும், ஒரு முழு அறையையே சாமிக்குக் கொடுத்திருக்கிறீர்களே என்று மெச்சினார்கள். எங்களுக்கும் பெருமை தாங்கவில்லை. அபி வந்து பார்த்தாள், கும்பிட்டாள், ஹோலில் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் ஷவர் சரியில்லை என்ற கதையே வந்தது. நல்ல பிள்ளை... கடவுளைக் குறை சொல்ல மனமில்லாமல் பொயிலரைக் குறை சொல்லியிருக்கிறாள்.

எனக்கு அழுகை வந்தது. கணவர் எழுந்து போய், அளவு நாடாவோடு ஹோல் சுவருக்கு முன்னால் நின்றார். அபி மத்தியான ரயிலில் போய்விட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை சாமிப் படங்களை ஒவ்வொன்றாக ஹோலுக்குக் கொண்டுவந்தோம். டிவிக்கு எதிரேதான் இடம் கிடைத்தது. புதுக் கட்டில் இந்தக் கிழமைக்குள் வந்துவிடும். காலியான அறையைப் படமெடுத்து அனுப்பினேன்; அதைப் பார்த்த அபி, வெள்ளிக்கிழமை வாறன் என்று போனில் எழுதியிருக்கிறாள். சாமியை இப்படி இடம் மாற்றலாமா என்று கோயிலில் ஒருவர் கேட்டார்.

கடவுள் எங்கும் இருப்பார், அண்ணை. மகளுக்குத்தான் ஓர் அறை வேண்டும்.