நல்ல கம்பிக்கு மாறிய தெரு

திருச்சுழிக்குப் போகும் வழியில் எங்கள் ஊரைச் சுற்றி இப்போது சோலார் தகடுகள்தான் விளைகின்றன. அங்கே பிறக்கும் மின்சாரம் உயரமான கோபுரங்களில் ஏறி, எங்கள் வீடுகளுக்கு மேலாகவே எங்கோ போய்விடுகிறது. போன மாதம் ஸ்மார்ட் மீட்டர் பற்றிப் பேச வந்தவர், இனி எந்தத் தெருவில் எவ்வளவு லோடு என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே தெரிந்துகொள்ளலாம் என்று பெருமையாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் தெருவின் லோடு என்ன என்று அம்மா நடையாய் நடந்து சொன்னபோது காதில் வாங்க அங்கே ஆளில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. அத்தா, அதாவது என் அப்பா, சவுதியில் இருந்தார். எப்போதாவது லீவில் வந்து போவார். அவர் அனுப்பியதை வைத்து அம்மா வீட்டை ஒட்டி ஒரு மாவு மில் போட்டிருந்தார். மில் தடங்கல் இல்லாமல் ஓடினால் அந்த நோன்புப் பெருநாளோடு அத்தா ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. அம்மா அந்த நாட்களில் மாவுத் தூசியோடு பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்.

மில் மோட்டாருக்குக் கம்பத்தில் ஓடும் மூன்று கம்பியிலும் மின்சாரம் வேண்டும். வீடுகளுக்கு ஒரு கம்பி போதும். எங்கள் டிரான்ஸ்பார்மர் வைக்கப்பட்டபோது ஆளுக்கு ரெண்டு குண்டு பல்புதான் இருந்தது. பிறகு டிவி வந்தது, மிக்ஸி வந்தது, பிரிட்ஜ் வந்தது. டிரான்ஸ்பார்மர் மட்டும் அதேதான். போதாததற்கு நாங்கள் லைனின் கடைசி ஊர். வழியில் உள்ள ஊர்களெல்லாம் எடுத்துக்கொண்ட மிச்சம்தான் எங்களுக்கு. சாயங்காலமானால் மின்விசிறியின் றெக்கைகளை எண்ணிவிடலாம்.

இதற்கு அம்மாவின் தம்பி, என் மாமு, ஒரு வைத்தியம் வைத்திருந்தார். காய்ந்த மூங்கில் கம்பின் நுனியில் கொக்கி. மங்கலாக எரியும் வீட்டின் வயரைக் கம்பத்தில் ஒரு கம்பியிலிருந்து கழற்றி, பிரகாசமாக இருக்கும் இன்னொன்றில் மாட்டிவிடுவார். அதற்கு நல்ல கம்பி என்று தெருவே பெயர் வைத்திருந்தது. அதில் ஆள் குறைவாக இருப்பதால்தான் அது நல்ல கம்பி என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. படித்த வாத்தியார் வீட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம். கஞ்சிக்கு அரிசி உடைக்க மில்லில் கூட்டம். அன்றைக்குப் பார்த்து டிவியில் கிரிக்கெட்.

"மாமு, எங்க வீட்டையும் நல்ல கம்பிக்கு மாத்தி விடுங்க!"

வீட்டுக்கு வீடு கூப்பிட்டார்கள். மாமு கம்போடு நடக்க, பிள்ளைகள் நாங்கள் கைதட்டிக்கொண்டு பின்னாலேயே போனோம். தெரு முழுக்க ஒரே கம்பியில் தொங்கியதும் டிரான்ஸ்பார்மரில் அதன் பியூஸ் போனது. தெரு இருண்டது. மில் மட்டும் மிச்சமிருந்த இரண்டு கம்பியில் முக்கிக்கொண்டு ஓடியது.

அப்படி நேர்ந்தால் மோட்டாரை நிறுத்தத்தான் ஸ்டார்ட்டர் இருக்கிறது. ஆனால் வோல்டேஜ் குறையும்போதெல்லாம் அது தானாக அணைந்து விழுந்து தொலைத்ததால், அதையும் மாமுதான் ஒரு குச்சியைச் சொருகி விழாமல் நிறுத்தியிருந்தார். அம்மா குச்சியைப் பிடுங்குவதற்குள் மில்லெல்லாம் கருகல் நாற்றம்.

"ஏன்டா, ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுத்து என் குடியக் கெடுத்துட்டியேடா!" என்று அம்மா போட்ட சத்தத்தில், படியரிசியோடு நின்றவர்கள் நழுவினார்கள். டிவி பார்க்கத் துடித்த ஒருவர்கூட தப்பு எங்களதும்தான் என்று சொல்லவில்லை. அதை நான் இன்றும் மன்னிக்கவில்லை. மறுநாள் மின்வாரிய அலுவலகத்தில், "உங்க தெருக்காரங்க பண்ணுனதுக்கு நாங்க என்னம்மா செய்யிறது?" என்று கேட்டார்களாம். பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்டு அம்மா கொடுத்த மனுக்களைப் பற்றி மூச்சில்லை. கெடுத்துவிட்டு நியாயம் பேச எங்கே கற்றுக்கொள்கிறார்களோ!

மோட்டார் எரிந்தது அது முதல் தடவை அல்ல. உள்ளே கருகிய காயில் சுருளை மறுபடியும் கட்டிவிடலாம். ஆனால் இந்தக் கரண்டை நம்பிக் கையிலிருக்கிற வேலையை எப்படி விடுவது என்று அத்தா போனில் கேட்டார். அம்மா, "சரிங்க, அங்கயே இருங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, எரிந்த மோட்டார் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கோ ஒரே கொண்டாட்டம். அத்தா லீவில் வந்தால் என் பாயை முன்னறைக்கு மாற்றிவிடுவார்கள். இனி அந்தத் தொல்லை இல்லை. அம்மாவுக்குப் பயந்து பள்ளிவாசல் சுவரோரம் உட்கார்ந்திருந்த மாமுவிடம் ஓடினேன்.

"மாமு, அத்தா வரலையாம்! இனிமே எப்பவும் அம்மா பக்கத்துல நாந்தான் படுத்துக்குவேன். எல்லாம் உங்களாலதான்!"

மாமு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா திட்டியதை நினைத்து அழுகிறார் என்று எனக்குப் பாவமாக இருந்தது. அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அழுகாதீங்க மாமு. அம்மாவுக்கும் சந்தோசமாத்தான் இருக்கும்."