ஏரித் தண்ணீரில் ஐம்பத்து நான்கு வரை

மூன்று வருடங்களுக்கு முன், ஏப்ரல் முதல் வாரத்தில் நடந்தது. இத்தாலியில் நாங்கள் இருக்கும் பலெர்மோ நகரிலிருந்து காரில் ஒரு மணி ஐந்து நிமிடம் போனால் மலைகளுக்கு நடுவே ஓர் ஏரி வரும். இருபத்தொன்பது வருடம் நான் வேலை பார்த்த வீட்டு எசமானி, எங்கள் சிஞ்ஞோரா, நான் ஓய்வு பெற்றபோது ஓர் உறையைக் கையில் தந்தார். உள்ளே இரண்டு பேருக்கு அரை நாள் மீன் பிடிக்கும் சீட்டு இருந்தது. படகு, தூண்டில், வழிகாட்டி எல்லாம் அதில் அடக்கம். எனக்கு நீந்தத் தெரியாது. அதை அந்த அம்மாவிடம் சொல்ல இத்தனை வருடத்தில் ஒரு சந்தர்ப்பமும் வந்ததில்லை.

அப்போது மனைவியின் தம்பி மன்னாரிலிருந்து வந்து பலெர்மோவின் கபோ பகுதியில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். நாற்பது வருடம் கடலில் தொழில் செய்தவர். சீட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"குளத்திலை மீன் பிடிக்க ஒரு வழிகாட்டியோ அத்தான்? கிணத்துக்கும் ஆள் வைப்பினமோ?"

வழிகாட்டி ஒரு பெண். நாற்பது வயதுக்கு உள்ளேதான் இருக்கும். மிதவை அங்கியை எனக்கு அவளே மாட்டிவிட்டாள். அதில் மூன்று கொக்கிகள். மூன்றையும் நான் மூன்று தடவை எண்ணிச் சரிபார்த்தேன். மைத்துனர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை.

நாங்கள் தேடிப் போனது டிரவுட் என்ற நன்னீர் மீன். குளிர்ந்த நீரில் வாழ்வது. வசந்தகாலத்தில் அதை நம்ப முடியாது என்றாள். வெயில் பட்டால் கரையோரம் வரும், மேகம் மூடினால் ஆழத்துக்குப் போய்விடும். அன்று காலை இரண்டு மணி நேரத்தில் வானம் ஆறு தடவை மாறியது. வெயில், தூறல், பனிமூட்டம், மறுபடி வெயில். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவள் நூலில் கட்டிய வெப்பமானியைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்து, கொப்பியில் பென்சிலால் குறித்து, இடத்தையும் தூண்டிலின் ஆழத்தையும் மாற்றினாள். ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது.

மைத்துனருக்குப் பொறுமை போய்விட்டது. "இவ மீன் பிடிக்க வந்தவவோ, குளத்துக்குக் காய்ச்சல் பாக்க வந்தவவோ?"

நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஏழாவது தடவையாக வானம் இருண்டு, வடக்கிலிருந்து காற்று திரும்பியபோது, மைத்துனருடைய தூண்டிலில் பெரிய மீன் ஒன்று மாட்டியது. தடி வளைந்தது. அவர் தடி பிடித்துப் பழகியவர் அல்லர்; கடலில் கைநூல்தான். தடியைக் காலடியில் போட்டுவிட்டு, நூலைக் கையில் சுற்றிக்கொண்டு, கடல் வள்ளத்தில் நிற்பதுபோல எழுந்து நின்று இழுக்கத் தொடங்கினார். அது வள்ளம் அல்ல, சின்னஞ்சிறு படகு. அவள் "உட்காரச் சொல்லுங்கள்" என்று என்னிடம் சொன்னாள். அதைத் தமிழில் சொன்னால் மட்டும் போதும். நானோ பதறிப்போய், அவரைப் பிடித்து உட்கார்த்த நானும் எழுந்தேன்.

அடுத்த கணம் தண்ணீருக்குள் இருந்தேன்.

ஒன்பது டிகிரி. கொஞ்சம் முன்புதான் அவள் அளந்து சொல்லியிருந்தாள். அங்கி என்னை மேலே தூக்கியது. ஆனால் மூச்சு உள்ளே போகவில்லை. நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடித்தமாதிரி. கை காலை அடித்தேன், தண்ணீர் வாய்க்குள் போனது. காற்று படகை என்னிடமிருந்து தள்ளிக்கொண்டு போனது.

அப்போது அவள் குரல் கேட்டது. "கோந்தி, சிஞ்ஞோரே! கோந்தி!" எண்ணுங்கள் ஐயா என்று அர்த்தம். "மல்லாந்து படுங்கள். சத்தமாக எண்ணுங்கள்!"

ஒன்று என்றேன். இரண்டு என்றேன். தமிழில்தான் வந்தது. பத்துவரை எண்கள் துண்டு துண்டாக வந்தன. இருபது தாண்டியதும் கை கால் அடங்கியது. முப்பதில் மூச்சு என் வசம் வந்தது. அவள் எஞ்சினைத் தொடவே இல்லை. விசிறி என்னை வெட்டிவிடும் என்று, எனக்கு முதுகைக் காட்டியபடி காற்றுக்கு எதிராகத் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தாள். மைத்துனர் நூலைப் பல்லால் கடித்து அறுத்து மீனை விட்டுவிட்டு, படகின் முன்பக்கம் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். ஐம்பத்து நான்கில் அந்தக் கை என் அங்கியைப் பிடித்தது.

"நிப்பாட்டுங்கோ அத்தான், காணும்! பிடிச்சிட்டன்!"

கரையில், அவளுடைய காரில் சூடேற்றியைப் போட்டு, அவள் வைத்திருந்த மாற்றுடையில் நடுங்கிக்கொண்டு இருந்தேன். மைத்துனரின் உள்ளங்கையில் நூல் அறுத்த காயம். அவள் அதைக் கழுவிக் கட்டினாள்.

"ஆறு கிலோ இருக்கும் அந்த மீன்," என்றார் அவர்.

"நான் அறுபத்தெட்டு கிலோ," என்றேன்.

"ஓம், ஆனா உங்களை விக்கேலாதே. அக்காவுக்கு என்னெண்டு சொல்லப் போறியள்?"

நான் எண்ணுவேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். காலையிலிருந்து கொக்கிகளையும் மேகங்களையும் எண்ணிக்கொண்டு இருந்தீர்களே என்றாள். படகில் ஏறுகிற ஒவ்வொருவரும் பயம் வந்தால் என்ன செய்வார் என்று முதல் அரை மணி நேரத்திலேயே பார்த்து வைப்பாளாம். சிலரைப் பாடச் சொல்வாள், சிலரை ஜெபமாலை சொல்லச் சொல்வாள். நடுங்குகிறவனுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க முடியாது, அவனிடம் இருப்பதைத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றாள். "எனக்கு உங்கள் எண்கள் விளங்கவில்லை. ஆனால் எண்ணுகிறவர் மூச்சு விடுகிறார். சத்தம் நின்றிருந்தால் திரும்பிப் பார்த்திருப்பேன்."

நான் மன்னாரில் ஐந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். பிள்ளைகளை அப்படி ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை.

போன மாதம் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண் தாள்களைக் கலைத்துப் போட்டுவிட்டு அழத் தொடங்கினார். பதறாதே பிள்ளை என்று புத்தி சொல்ல வாய் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு, அவர் உதடு எதை முணுமுணுக்கிறது என்று முதலில் காது கொடுத்துக் கேட்டேன். எழுபத்து நான்கு வயதில் அந்த அளவுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன், அதுவும் எல்லா நாளும் முடிவதில்லை.