வலைக்குச் செய்த மரியாதை

உவரிக் கரையில் இறங்கியபோது காலை ஆறு மணி. சென்னையிலிருந்து பாபநாசத்துக்குத் தாமிரபரணியில் குளிக்கப் போகிறவன், போகிற போக்கில் கடலையும் பார்த்துவிடலாம் என்று வந்திருந்தேன். நண்பர் சேவியர் தன் படகருகே விரித்த வலையிலிருந்து மீன் கழித்துக்கொண்டிருந்தார்.

"வே, செருப்போட வலைமேல ஏறிராதீரும்!"

வலையைச் செருப்பால் மிதித்தால் இங்கே பொறுக்க மாட்டார்கள். நான் மரியாதை தெரிந்தவன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வலைமேலேயே நடந்தேன். பாதி தாண்டுவதற்குள் கெளுத்தி மீனின் முள் பாதத்தில் இறங்கியது.

"சுத்தி வாரும்னுதானவே அர்த்தம்! வலைமேல நடக்கவா சொன்னேன்?"

வீட்டில் அவர் மனைவி ரெஜினா, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்துக் காலை முக்கச் சொன்னார். வலி தணிந்தது. "முள்ளு நுனி உள்ள நிக்கும் அண்ணாச்சி. இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டி ஊசி போட்டுருங்க."

பார்த்தேன். கடுகளவு ஓட்டை, ஒரு சொட்டு ரத்தம். இதற்கு ஆஸ்பத்திரியா? மதியம் அந்தக் கெளுத்தியையே குழம்பில் தின்று பழி தீர்த்துக்கொண்டு, அன்றிரவு அங்கேயே தங்கினேன்.

மறுநாள் காலை திருநெல்வேலி பஸ். பாதம் பணியாரமாக உப்பிச் செருப்புக்குள் போக மறுத்தது. திசையன்விளையில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம், ஜன்னல் சீட் போய்விடுமே! நாங்குநேரி நெருங்குவதற்குள் சிவப்பு கணுக்காலைத் தாண்டியது. பக்கத்து சீட்காரர் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து ஓட்டையை அடைக்கச் சொன்னார். பின்சீட் அம்மா புளி என்றார். முன்சீட்காரர், "எம் மச்சானுக்கு இப்பிடித்தான். வெரல எடுத்துட்டாவ" என்றார், யாரும் கேட்காமலே.

கண்டக்டருக்குத்தான் பொறுமை போயிற்று. "அண்ணாச்சி, ஒடம்பு நடுங்குது ஒமக்கு. ஜன்னல் சீட்டுக்குக் கால விக்கப் போறீரா? எறங்கும்!"

நாங்குநேரியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி. இளம் பெண் டாக்டர்.

"கடைசியா டெட்டனஸ் ஊசி எப்பப் போட்டீங்க?"

"பள்ளிக்கூடத்துல வரிசையில நின்னேன்."

"போட்டீங்களா?"

"ஓடிட்டேன்."

டெட்டனஸ் ஊசியும், மரத்துப்போக ஒரு ஊசியும் போட்டுக் கீறி, ஒடிந்த முள் நுனியை எடுத்தார். "குத்துன காயம் மேல சின்னது, அடியில ஆழம். மேல கழுவுனா உள்ள போன அழுக்கு போகாது. முள்ளு நிக்குன்னு சந்தேகம் வந்த அன்னைக்கே காட்டணும். வீக்கம், சிவப்பு ஏறுது, காய்ச்சல் வேற. இத்தனையும் வச்சுக்கிட்டு இவ்வளவு தூரம் எப்பிடி வந்தீங்க?"

"பஸ்ல."

அவர் சிரிக்கவில்லை. நான் காலைப் பார்த்தேன். "கால் போயிருமா டாக்டர்?"

"இப்பப் போகாது. இன்னும் ரெண்டு நாள் சுத்தியிருந்தா என்னால சொல்ல முடியாது. மாத்திரை எழுதித் தர்றேன், முடியிற வரைக்கும் நிறுத்தாதீங்க. நாளைக்கே உங்க ஊர் டாக்டர்ட்ட காட்டுங்க."

"பாபநாசம்…?"

"காயம் நனையக் கூடாது."

திருநெல்வேலி பஸ் நிலையத்திலிருந்து ரயிலடிக்கு ஆட்டோ. ஆற்றுப் பாலத்தில் ஏறினோம். கீழே ஊரே குளித்துக்கொண்டிருந்தது. சென்னையில் நான் குளிப்பது ஒரு வாளித் தண்ணீரில். இனி அதிலும் ஒரு காலை ஸ்டூலில் தூக்கி வைத்துத்தான் குளிக்க வேண்டும்.

ஆட்டோக்காரர் திரும்பினார். "தாமிரபரணிக்கு வந்துட்டு ஒரு முங்கு போடாமப் போறியளே!"

கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் காட்டினேன்.

"ஐயையோ, என்னாச்சு?"

"வலைக்கு மரியாதை செஞ்சேன்."