ஹாலு, ஹாளு

புது பேக்கரிப் போர்டில் எழுத்துகள் குண்டுகுண்டாய்த் துள்ளுவதைப் பார்த்ததும் நின்று, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன்.

ஸ்ரீராம்புரத்தில் அப்பாவும் அப்படித்தான் கடைகளுக்குக் கன்னடப் போர்டு எழுதுவார். அவருக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. பள்ளியில் கன்னடம் படித்த நான் சிலேட்டில் எழுதித் தருவதைப் பார்த்து வரைவார். ஒரு பால்கடைக்கு ‘ஹாலு’ என்று எழுதுவதற்குப் பதில் ‘ஹாளு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பா அதற்கு வால் சுருட்டி, பால் சொட்டுவதுபோல வரைந்திருந்தார்.

மறுநாள் கடைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்தினார். “ஏனய்யா மேஸ்திரி, பால்னு எழுதச் சொன்னா பாழ்னு எழுதியிருக்கியே! தெருவே சிரிக்குது!”

நான் கதவுக்குப் பின்னால் ஒடுங்கினேன்.

“என் தப்புதான் சாமி. இப்பவே மாத்திடறேன்” என்றார் அப்பா.

உள்ளே வந்தவர் திட்டவில்லை. சிலேட்டை நீட்டினார். “இப்ப சரியா எழுதும்மா.”

பயத்தில் எனக்கு இரண்டு எழுத்துமே மறந்து போயிருந்தன.